மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

அந்த ஒர்க்‌ஷாப்பின் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பெயின்டர் வேலை செய்தார். இந்தப் பக்கம் அவருடைய மனைவி. இருவருக்கும் கல்யாணமாகி வெகுகாலம் ஆகியிருந்தது. காலையிலிருந்து மாலை வரை ஒரே கூரையின் கீழ்தான் இருந்தார்கள். ஆனால் வேலை நேரத்தில் ஒருவரை ஒருவர் தொட்டதில்லை.

சண்டை ஒன்றுமில்லை. எல்லாம் மெழுகினால் வந்தது. காருக்குப் பூசும் மெழுகில் பெரும்பாலும் சிலிக்கான் கலந்திருக்கும். தடவினால் வழுக்கிக்கொண்டு போவது அதனால்தான். அதே சிலிக்கான், பெயின்ட் அடிக்கப்போகும் தகட்டின் மேல் விரல் நுனியளவு பட்டுவிட்டால் போதும். ஈரப் பெயின்ட் அந்த இடத்தைப் பிடிக்காமல் விலகி ஓடும். மீன் கண் போல வட்ட வட்டமாகக் குழி விழும். அதன் மேல் எத்தனை கோட்டிங் அடித்தாலும் குழி குழிதான். காயவிட்டு, எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே, மனைவி இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று பெயின்டரே பிரஷ்ஷை எடுத்துத் தரையில் கோடு போட்டார். வளையாமல், நடுங்காமல், நல்ல கோடு.

அவளை எல்லோரும் பளபளக்கா என்று கூப்பிட்டார்கள். பெயர் வைத்தவன் டிங்கர். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவது அவன் வேலை. கையில் சுத்தியல் ஓய்ந்த நேரத்தில் வாய் தட்ட ஆரம்பித்துவிடும்.

"அக்கா, அடுத்தவன் காருல முகம் பாக்கலாம். உன் செருப்பைப் பாத்தா, அது எந்தக் கலர்னே சொல்ல முடியல."

"செருப்புல முகம் பாக்குற நெலமை உனக்கு வந்தா சொல்லு, அதையும் தேய்ச்சுத் தர்றேன்."

அவள் செய்தது பெரிய கலை ஒன்றுமில்லை. பொறுமை இருக்கிற யாரும் கற்றுக்கொள்ளக்கூடியதுதான். காரை முதலில் கழுவுவாள். காய்ந்த பிறகு மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பார்ப்பாள். வெறும் விரலுக்கு வழுவழுப்பாகத் தெரிவதெல்லாம் பைக்குள் இருக்கும் விரலுக்கு மணல் மணலாகத் தெரியும். நடுவில் ஒரு திரை வந்ததும் தொடு உணர்வு கூர்மையாவது ஏன் என்று அவள் யோசித்திருக்கிறாள். பதில் கிடைத்ததில்லை. யோசித்தபடியே அடுத்த கதவுக்குப் போய்விடுவாள்.

பாலிஷ் போடும்போது மிஷினின் பஞ்சு வட்டம் சுழலும். ஒரே சீரான ரீங்காரம். அதில் அவளுக்குப் பாதித் தூக்கம் போன்ற ஒரு நிலை வரும். கண் விழித்திருக்கும், கை வேலை செய்யும், ஆள் மட்டும் எங்கேயோ போயிருப்பாள். மங்கிய பெயின்டுக்குள்ளிருந்து மேலே இருக்கும் டியூப் லைட் மெல்ல மிதந்து வரும். முதலில் வெள்ளைப் புகையாக, அப்புறம் கரை தெரியாத கோடாக, கடைசியில் கத்தி போல. கத்தி போல வந்துவிட்டால் மிஷினை நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் அவள் கை தானாக நிற்கும். அவள் மட்டும் கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வருவாள்.

வீட்டில் அவள் ஒருவருக்கு மனைவி, இன்னொருவருக்கு அண்ணி, வேறொருவருக்குச் சின்னம்மா. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவருக்கு யாரோ ஒருத்தி. ஒர்க்‌ஷாப்பின் இந்த மூலையில் மட்டும்தான் அவள் யாருக்கும் ஒன்றுமில்லாமல் இருந்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வருத்தப்படுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டர் தன் கருநீலக் காரைக் கொண்டுவந்தார். வலது பக்கத்து இரண்டு கதவும் எதிலோ உரசி, தகடு தெரிந்தது. அவற்றுக்குப் புதுப் பெயின்ட் வேண்டும். மற்ற இடங்களுக்குப் பாலிஷ் போதும்.

"ஏம்மா, கடையில எல்லா டப்பாவும் நான்தான் ஒசத்தின்னு சொல்லுது. எந்த வேக்ஸ் வாங்குறது?" என்று கேட்டார்.

"கார் வெயில்ல நிக்குமா, நிழல்லயா சார்?"

"கிளினிக் வாசல்ல. நல்ல வெயில்."

"நீங்களே தேய்ப்பீங்களா?"

"ஒரு ஞாயித்துக்கிழமை தேய்ப்பேன். அடுத்த ஞாயித்துக்கிழமை என்னை எதிர்பாக்காத."

"அப்போ கட்டி மெழுகு உங்களுக்கு ஒத்து வராது. பாக்க ஆழமா, ஈரம் மாதிரி இருக்கும். ஆனா வெயிலுக்குச் சீக்கிரம் போயிடும், திரும்பத் திரும்பப் பூசணும். நீங்க சீலன்ட் போட்டுக்குங்க, அது கெமிக்கல்ல செய்யிற பூச்சு. அழகு கொஞ்சம் கம்மி, ஆயுசு ஜாஸ்தி."

"மாப்பிள்ளை பாக்குற மாதிரியே பேசுறியே அக்கா" என்றான் டிங்கர், தகட்டுக்குப் பின்னாலிருந்து.

டாக்டர் சிரித்தார். "கீறல் எல்லாம் பாலிஷ்ல போயிடுமா?"

"கீறல் எங்கயும் போகாது சார். அது ஒரு பள்ளம். பள்ளத்தை நிரப்ப முடியாது. சுத்தி இருக்குற பெயின்டைத் தேய்ச்சு அந்தப் பள்ளத்தோட அடி வரைக்கும் இறக்குறோம். எல்லாம் ஒரே மட்டமாயிட்டா கீறல் தெரியாது. அவ்வளவுதான். ரொம்ப ஆழமா இருந்தா விட்டுடணும். தேய்க்கத் தேய்க்கப் பெயின்ட் குறையும், திரும்ப வராது."

"பல்லும் அப்படித்தான்" என்றார் டாக்டர். "ஒரே வித்தியாசம், உன் பேஷன்ட் கத்தாது."

பெயின்டர் அந்த இரண்டு கதவுகளையும் கழற்றித் தயார் செய்தார். தேய்த்தார், துடைத்தார், மறுபடி துடைத்தார். பிளாஸ்டிக் திரையை இழுத்துவிட்டு ஸ்ப்ரே கன்னை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் திரைக்குள்ளிருந்து கன்னின் சத்தம் நின்றது. நிற்க வேண்டிய நேரம் அல்ல அது. டிங்கர்கூடச் சுத்தியலைக் கீழே வைத்தான்.

கருநீலக் கதவு முழுவதும் குழிகள்.

முதலாளி வந்து பார்த்தார். கெட்டவர் அல்ல, குழப்பத்தைப் பிடிக்காதவர். குழப்பம் வந்தால் அதன் ஒரு முனையை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்.

"பெயின்டரே, இது சிலிக்கான்தானே?"

"ஆமாங்க."

"இந்தக் கூரைக்குள்ள சிலிக்கான் எங்க இருக்கு?"

எல்லோருடைய கண்ணும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தது. பெயின்டரின் கண்ணும்தான். ஒரு கணம்தான், ஆனால் அவள் அதைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"அவ கோட்டைத் தாண்ட மாட்டா. முழங்கை வரைக்கும் கழுவாம சாப்பாட்டு டப்பாவைக்கூடத் தொட மாட்டா. சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்."

"சத்தியம் எல்லாம் வேண்டாம். கதவைத் தேய்ச்சு மறுபடி அடிங்க. மறுபடி குழி விழுந்தா மெழுகு வேலையை இங்க நிறுத்திடுறேன். தப்பா நெனைக்காதம்மா. பெயின்ட் இல்லாம ஒர்க்‌ஷாப் ஓடாது. மெழுகு இல்லாம ஓடும்."

அவள் தலையாட்டினாள். கையிலிருந்த துணி கீழே விழுந்தது. கீழே விழுந்த துணியில் கண்ணுக்குத் தெரியாத மண் ஏறியிருக்கும். அதை எடுத்து மறுபடி காரில் வைத்தால் கீறும். குனிந்து எடுத்து, தனியாக ஒரு வாளியில் போட்டாள். மூலையே போய்விடும்போலிருக்கிறது, துணிக்கு என்ன இவ்வளவு மரியாதை என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

அன்று வீட்டில் பெயின்டர் சாப்பிட்டுக்கொண்டே தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை வியர்க்குதோ என்னமோ" என்றார். "எனக்கு முன்னாடி இருந்த பெயின்டருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதாம். அப்புறம் அவர் அடிச்ச எதுவும் ஒட்டலையாம்."

"பேசாம சாப்பிடுங்க. கை இல்லாம எதுல சாப்பிடுறீங்க இப்போ?"

அவர் சிரிக்கவில்லை. இத்தனை காலம் நம்பியிருந்த ஒன்றை முதல்முறை சந்தேகப்படுகிறவரின் முகம் அது. உலகத்தைச் சந்தேகப்படுவதாவது சுலபம், பேசித் தீர்க்கலாம். தன் கையைச் சந்தேகப்படுகிறவன் அந்தக் கையாலேயே மறுநாள் வேலை செய்ய வேண்டும்.

மறுநாள் காலையில் அவர் தேய்க்கும் காகிதம் எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்தார். குழி விழுந்த கதவுகள் அந்தப் பக்கம் ஸ்டாண்டில் நின்றன. அவள் கோட்டின் விளிம்பில் கால் விரல்களை வைத்து நின்று, தலையைச் சாய்த்து, டியூப் லைட் கதவில் விழும்படி பார்த்தாள். இது அவளுக்குத் தொழில் பழக்கம். வெளிச்சத்தைச் சாய்வாக விட்டால், கடைசியாக அதைத் தொட்ட கை எப்படிப் போனது என்று பெயின்ட் சொல்லிவிடும்.

குழிகள் மழைத்துளி போலச் சிதறியிருக்கவில்லை. வளைந்து வளைந்து வரிசையாக இருந்தன. மேசையை யாரோ துடைத்த மாதிரி, வில் வில்லாக. அவள் காற்றில் தன் கையால் அப்படியே துடைத்துப் பார்த்தாள். விரல்கள் போன வழியில் ஒன்றுமில்லை. விரல்களுக்குப் பின்னால், மணிக்கட்டு போகும் வழியில்தான் குழிகள். மணிக்கட்டில் என்ன இருக்கும்?

சட்டைக் கையின் பட்டன்.

அவள் அங்கேயே நின்றாள். பின்னால் டிங்கர், "என்னக்கா, கோட்டுக்கு அந்தப் பக்கம் விசா கிடைக்கலையா?" என்று கேட்டான். அவள் காதில் விழவில்லை.

பெயின்டரின் வேலைச் சட்டையில் வலது கைப் பட்டன் அறுந்திருந்தது. தொங்கும் சட்டைக் கை ஈரப் பெயின்டுக்கு எமன். போன ஞாயிற்றுக்கிழமை அவள்தான் தைத்துக் கொடுத்தாள். துணி கனமானது. நூல் பிரிந்து பிரிந்து சிக்கியது. அவள் மேசை டிராயரைத் திறந்து, ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து, அதில் இருந்த மெழுகின் மேல் நூலை இரண்டு தடவை இழுத்தாள். நூல் சமர்த்தாக நின்றது. மெழுகு பட்ட விரலாலேயே பட்டனை இறுக்கித் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, சட்டையை உதறி, அவர் கையில் கொடுத்தாள்.

அந்த டப்பா ஒரு காலத்தில் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. அடியில் கொஞ்சம் மிஞ்சியபோது, இறுகிப்போன டிராயருக்குத் தடவலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தாள். டிராயர் சரியானது. டப்பா அதற்குள்ளேயே தங்கிவிட்டது. அதன் பிறகு அது டிராயர் மெழுகு. ஒர்க்‌ஷாப்பில் அதைத் தொட்டால் முழங்கை வரை கழுவுகிறவள், வீட்டில் அதைத் தொட்டுவிட்டு வெங்காயம் நறுக்கியிருக்கிறாள். ஒரு பொருள் இருக்கும் இடம்தான் அந்தப் பொருள் என்று எல்லோரும் நினைப்பதை அவளும் நினைத்துவிட்டாள்.

பகல் முழுவதும் மிஷின் சுழன்றது. அன்று அவள் எங்கேயும் போகவில்லை. டியூப் லைட் கத்தி போல வந்தபோதும் அவள் அங்கேயேதான் இருந்தாள்.

கதவுகளைத் தேய்த்து முடிக்கவே பெயின்டருக்கு மாலையாகிவிட்டது. மறுநாள் காலையில் பெயின்ட் அடிப்பதாக முடிவு. வீட்டுக்கு வந்ததும் அவர் குளிக்கப் போனார். வேலைச் சட்டை நாற்காலியின் முதுகில் கிடந்தது. ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் வந்து அதன் வலது கையில் நின்றது. பட்டன் அமைதியாக மின்னியது. அப்படி மின்ன வேண்டிய பட்டன் அல்ல அது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். பட்டனை வெட்டி, இந்தச் சட்டையை ஒளித்துவிட்டு, கொடியிலிருக்கும் இன்னொரு சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டால் முடிந்தது. நாளைக்குக் குழி விழாது. முதலாளிக்கு மறந்துவிடும். மூலை அவளுடையதாகவே இருக்கும். கீறலின் மேல் மெழுகைத் தடவி மூடுகிறவர்களை அவளுக்குத் தெரியும். பழைய கார் விற்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நன்றாகத்தான் இருக்கும், வாங்கியவர் நாலு தடவை கழுவும் வரை.

நூலுக்கும் துணிக்கும் நடுவில் கத்தரிக்கோலின் முனையை நுழைத்தாள். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"அந்த வழவழப்புப் போற சோப்பு எங்க வச்சே? கையில இருக்கறது சரியாவே போகல."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். சோப்பு போட்டுப் போட்டு விரல்கள் சிவந்திருந்தன.

"ஏங்க. உங்க கையில ஒண்ணுமில்ல."

"என்ன?"

"பட்டன்ல இருக்கு."

அவர் சட்டையை எடுத்தார். பட்டனைப் பார்த்தார், முகர்ந்தார். அந்த வாசனையை அவர் மூக்கு அறியும். தினமும் சாயங்காலம் அவள் தோளில் அவர் தேடி, இல்லை என்று நிம்மதியாகும் வாசனை.

"நூல் சிக்குச்சு. மெழுகுல இழுத்தேன்" என்றாள்.

"வீட்டுல ஏது மெழுகு?"

அவள் டிராயரைத் திறந்தாள். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு திறந்தது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பெயின்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். வலது கையை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அப்போ என் கை நல்லாத்தான் இருக்கு" என்றார்.

முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். ஆனாலும் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் சந்தோஷமும் இருந்தது. இரண்டையும் பிரிக்க அவளுக்கு வகை தெரியவில்லை.

"உங்க கை நல்லாத்தான் இருக்கு. என் மூலைதான் போகப்போகுது."

"எதுக்குப் போகணும்? நாளைக்கு வேற சட்டை போட்டு அடிக்கிறேன். குழி விழாது. முதலாளிகிட்ட எதுக்குச் சொல்லணும்? யாருக்குத் தெரியப்போகுது?"

"உங்களுக்குத் தெரியும். இன்னொரு நாள் தூசி விழுந்தாக்கூட முதல்ல என் பக்கம்தான் பாப்பீங்க."

"ச்சே, நான் ஏன் பாக்கப்போறேன்?"

"நேத்துப் பாத்தீங்க."

அவர் சட்டையை மடிக்க ஆரம்பித்தார். பொய் சொல்லத் தெரியாதது அவரிடம் இருந்த நல்ல குணங்களில் ஒன்று. மொத்தமே அதிகம் இல்லை.

மறுநாள் காலை அவளே முதலாளியிடம் சொன்னாள். டப்பாவையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுபோயிருந்தாள். பெயின்டர் வேறொரு சட்டையில், கைகளைச் சுருட்டிவிட்டு, பக்கத்தில் நின்றார்.

"கோட்டை நான் தாண்டல முதலாளி. வீட்டுல அது தாண்டிருச்சு."

முதலாளி பையை வாங்காமல் பார்த்தார். "அப்போ கோடு எங்க போட்டும் பிரயோஜனமில்லன்னு ஆகுது."

"அப்படித்தான் ஆகுது."

அவர் யோசித்தார். குழப்பத்தின் எந்த முனையை வெட்டுவது என்று தேடுகிற யோசனை.

"குழி விழுந்தாத்தான் நிறுத்துறேன்னு சொன்னேன். இப்போ நீயே வந்து சொல்லிட்டே. சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா தெரிஞ்ச பிறகு கூரைக்குள்ள வச்சுக்க முடியாதும்மா. பின்னாடி செவுத்துக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல ஒரு கார் நிக்கிற அளவு சந்து இருக்கு. லைட்டு கிடையாது, கரண்டும் கிடையாது. வேணும்னா அங்க பாத்துக்கோ."

அது தண்டனையா சலுகையா என்று அவருக்கே நிச்சயமில்லை. அவளும் கேட்கவில்லை. வாளி, துணிகள், டப்பாக்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். மிஷின் ஸ்டோருக்குப் போனது.

"அக்காவை நாடு கடத்திட்டாங்கப்பா" என்றான் டிங்கர். ஆனால் சந்தில் கிடந்த பழைய டயர்களை அன்று மத்தியானமே அவன்தான் உருட்டி வெளியேற்றினான்.

கதவுகளில் குழி விழவில்லை. டாக்டர் வந்து காரை எடுத்துக்கொண்டு போனார். புதுப் பெயின்ட் உள்ளுக்குள் காய இன்னும் நாளாகும், அதுவரை அந்தக் கதவுகளில் எதையும் பூசக் கூடாது, மூச்சுவிடட்டும் என்று அவள் சொல்லி அனுப்பினாள்.

சந்தில் முதல் நாட்கள் சிரமமாகத்தான் இருந்தன. மிஷின் இல்லாமல் கையால் தேய்க்க வேண்டும். உச்சி வெயில் வருவதற்குள் முடிக்க வேண்டும். சூடான தகட்டில் மெழுகு உடனே இறுகி, துடைக்க வராமல் பிடித்துக்கொள்ளும். காற்று தூசியைக் கொண்டுவரும்போது துணியால் மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ரீங்காரமும் இல்லை. பழைய பாதித் தூக்கத்துக்கு எந்த வழியாகப் போவது என்று அவளுக்குப் புரியவில்லை.

பல் டாக்டரின் கார் திரும்பி வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. காலை நேரம். சந்து முழுவதும் சுவரின் நிழல். சீலன்ட்டை எடுத்தாள். மெல்லிதாக, மிக மெல்லிதாக, வட்டமடிக்காமல் நீளவாக்கில் பூசினாள். நிறையப் பூசினால் நிறைய மின்னும் என்று நினைக்கிறவர்கள் துடைக்கும்போதுதான் திருந்துவார்கள். பானட் மேல் வெண்பனி போல ஒரு படலம் படர்ந்தது. காத்திருந்தாள். ஓரத்தில் ஒரு விரலை இழுத்துப் பார்த்தாள். சுத்தமாக வந்தது. துணியை மடித்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

டியூப் லைட்டின் கோடு வரும் என்று கண் பழக்கத்தில் காத்திருந்தது. வரவில்லை. அதற்குப் பதிலாகக் கருநீலத்துக்குள் எங்கோ அடியாழத்தில் ஒரு மேகம் அசைந்தது. அவள் கை நின்றது. இன்னும் கொஞ்சம் துடைத்தாள். மேகத்துக்குக் கரை வந்தது. பக்கத்தில் இன்னொன்று. அவற்றுக்கு நடுவில் ஒரு பறவை பானட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு அவசரமில்லாமல் போனது. கூரைக்குள் இத்தனை காலம் தேய்த்த கார்களுக்குள்ளும் இதெல்லாம் வரக் காத்திருந்திருக்க வேண்டும். கை தானாகத் துடைத்தது. அவள் மேகத்துக்குப் பின்னால் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது பானட்டுக்குள் இன்னொரு ஆள் நின்றுகொண்டிருந்தார். தலைகீழாக, வானத்தின் மேல் கால் வைத்து. பெயின்டர். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்திருந்தார். அவர் சட்டையின் வலது கையில் பட்டன் இல்லை, ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.

அவர் தான் அடித்த கதவுகளைப் பார்த்தார். பழைய பெயின்ட் எங்கே முடிகிறது, புதுப் பெயின்ட் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. பெருமை தாங்காமல் அவர் வலது கை தானாக நீண்டது.

"தொடாதீங்க" என்றாள் அவள். "பெயின்ட் அடிக்கிற கை."

கை காற்றில் நின்றது. பிறகு அவர் அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, பானட்டுக்குள் அவளைப் பார்த்தார்.

"இங்க ஒரு கோடு போடவா?" என்றார்.

"போடுங்க. பெயின்ட் காயிற வரைக்கும்தான் நான் அதை மிதிக்காம இருப்பேன்."

அவர் போடவில்லை. முழங்கை வரை அவள் கழுவி முடிக்கும்வரை, கையை முதுகிலேயே வைத்துக்கொண்டு, சந்தின் வாசலில் நின்றார்.